மணமில்லாத 600 கிலோ

2022 ஏப்ரல் 12, விடிகாலை நாலு மணி. எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் 30 டிரே பங்கனபள்ளி மாம்பழம் வந்து இறங்கியது. ஒரு டிரேக்கு 20 கிலோ. ஆக 600 கிலோ. வண்டிக்காரர் போன பிறகு செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு டிரேயாகப் பார்த்தேன். கரும்புள்ளி இல்லை, அடிபட்டது இல்லை, எல்லாம் ஒரே சீரான மஞ்சள். ஒன்றைக் கழுவி அங்கேயே நின்றபடி அறுத்துத் தின்றேன். இனித்தது. ஒரு பழத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெட்டி கட்ட உட்கார்ந்தேன். அந்தப் பழத்தைத் தின்றபோதே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ஏன் புரியவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு 47,000 ரூபாய் ஆனது. மோப்ப சக்தியை இழந்தவர்கள், பழ வியாபாரத்தில் புதிதாக இறங்குகிறவர்கள், 'பார்க்க அழகாக இருக்கிறது, வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லையே' என்று வருத்தப்படுகிறவர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

சென்னையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் 11 வருடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொரோனா ஊரடங்கில் சம்பளம் பாதியானது, 2021 தொடக்கத்தில் அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். அந்த மே மாதம் இரண்டாம் அலையில் எனக்கும் தொற்று வந்தது. வீட்டில் நான் மட்டும்தான். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் ரசம் வைக்கும்போது பெருங்காயம் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்து டப்பாவைத் திறந்து மோந்தேன். வெறும் காற்று. பெருங்காயத்தில்கூட மணம் இல்லை என்றதும் கை நடுங்கிவிட்டது. போனில் பேசிய டாக்டர், "மூணு நாலு வாரத்துல தானா வந்துடும்மா" என்றார். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வந்தது, அவர் சொன்னதில் தப்பில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றக் கற்பூர டப்பாவைத் திறந்தேன். சுள்ளென்று மூக்கில் ஏறியது. ஓடிப்போய் விக்ஸை மோந்து பார்த்தேன், அதுவும் ஏறியது. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். வந்துவிட்டது என்று முடிவு கட்டி அதோடு அந்த விஷயத்தை மறந்தேன். நான் ஏமாந்த முதல் இடம் இது. மோப்ப நரம்பு தவிர, சூடு, குளிர்ச்சி, எரிச்சலை உணர்கிற முக்கிளை நரம்பும் மூக்குக்குள் பரவியிருக்கிறது. கற்பூரமும் மென்தாலும் அம்மோனியாவும் அந்த நரம்பைத் தட்டும். மோப்பம் முழுக்கச் செத்துப் போனவருக்கும் அந்தச் சுள்ளென்ற உணர்வு இருக்கும். ஆகவே மூக்கு திரும்பியதா என்று பார்க்கக் கற்பூரத்தையும் தைலத்தையும் நம்பாதீர்கள். ரோஜாப்பூ, காப்பிப்பொடி, வெனிலா எசன்ஸ் மாதிரி எரியவும் குளிரவும் செய்யாத பொருளை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரை நீட்டச் சொல்லுங்கள். என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு மோந்தால் மனசே மணத்தை உண்டாக்கிக் காட்டிவிடும். இன்னொன்று, பழத்தோடு சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும்: சமையல் எரிவாயு கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். மூக்கு போனவருக்கு அந்தக் காவல் கிடையாது. அந்த வருடம் இரண்டு முறை பால் பொங்கிக் கருகியது எனக்குப் புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தனியாக இருப்பவர்கள் முதல் வேலையாகக் கசிவைக் கண்டு கத்துகிற கருவி ஒன்றை வாங்கி அடுப்படியில் மாட்டுங்கள்.

சாப்பாடு ருசிக்கவில்லை என்பது தெரியும். ஆனால் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் எரிந்தது, பாயசம் இனித்தது. உடம்பு தேறாததால் நாக்கு மந்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இந்த நிலையில்தான் 2022-இல் மாம்பழம் விற்கலாம் என்ற யோசனை வந்தது. எங்கள் பகுதியில் நாலு பெரிய அடுக்ககங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டதும், சித்திரை ஒன்றாம் தேதி கனி வைக்க வேண்டும் என்று மளமளவென்று பெயர் கொடுத்தார்கள். மூன்று கிலோ பெட்டி 450 ரூபாய், 140 பெட்டிக்கு முன்பணமே வந்துவிட்டது. 63,000 ரூபாய் கையில். திண்டுக்கல் பக்கம் ஒரு வியாபாரியைப் பிடித்தேன். கிலோ 85 ரூபாய். மார்ச் கடைசியில் ஆர்டர் சொல்லும்போது, "இவ்ளோ சீக்கிரம் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டேன். "நீங்க நாளச் சொல்லுங்க, நான் பழுக்க வச்சு அனுப்புறேன்" என்றார். அந்தப் பதிலில் இருந்த அபாயம் இன்றைக்குத்தான் எனக்குக் கேட்கிறது. காய் எப்போது தயாராகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேதியை நாங்கள் இரண்டு பேருமாக வைத்தோம், மரத்தைக் கேட்கவில்லை.

தரம் பார்க்க என்று 1,600 ரூபாய்க்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர் வேறு வாங்கியிருந்தேன். (இந்தக் காசை நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை, இன்னும் பயன்படுகிறது.) சாற்றை ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அதில் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு என்று ஏறக்குறையக் காட்டும். 14 காட்டியது. நாக்கும் இனிப்பு என்றது, கருவியும் இனிப்பு என்றது. அதற்கு மேல் என்ன சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புத்தாண்டு காலையில் பத்து மணிக்கு முதல் போன். எதிர் அடுக்ககத்து அம்மா ஒருவர், எழுபது வயதிருக்கும், என் மேல் ரொம்பப் பிரியமானவர். "கோவிச்சுக்காதம்மா. பழம் இனிக்குது. ஆனா மாம்பழம் சாப்பிட்ட மாதிரியே இல்லையே" என்றார். மதியத்துக்குள் குழுவில் படம் படமாக வந்து விழுந்தது. வெளியே பொன் மஞ்சள், உள்ளே வெளுத்த சதை. "கல்லு போட்ட பழம்" என்று ஒருவர் எழுதினார். கார்பைடு கல்லைச் சொல்கிறார். அதன் பிறகு யாரும் ருசியைப் பற்றிப் பேசவில்லை, குழந்தைகளுக்கு விஷம் கொடுத்துவிட்டேன் என்றுதான் பேசினார்கள். வியாபாரியிடம் கேட்டேன். கல் வைக்கவில்லை, எத்திலீன் பொட்டலம்தான் வைத்தேன் என்று வாங்கிய ரசீதை அனுப்பினார். அதை யார் நம்புவார்கள்? 96 பெட்டிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், 43,200 ரூபாய். முன்பதிவு இல்லாமல் மிச்சம் இருந்த 60 பெட்டி யாருக்கும் வேண்டாமல் அழுகியது. பழம் 51,000, லாரி 5,400, பெட்டி 5,600, வீடு வீடாகக் கொண்டு சேர்த்த ஆட்டோ 4,800; மொத்தம் 66,800 செலவு. கையில் நின்றது 19,800. நஷ்டம் 47,000. பணத்தைவிட, லிஃப்டில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களின் முகம்தான் பல நாள் தூங்க விடவில்லை.

கல் விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதற்கு நம் நாட்டில் தடை உண்டு. அதில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். தொழிற்சாலைக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும், ஆபத்து அங்கேதான். எத்திலீன் அப்படியில்லை. பழம் தானாகப் பழுக்கும்போது அதுவே விடுகிற வாயு அது. நூறு பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) அளவுக்குள் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்திருக்கிறது. பொட்டலமாக வைத்தால் பழத்தின் மேல் படக் கூடாது. அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைத்த நம் பாட்டிகளும், காய் விடும் எத்திலீனைக் காய்க்கே சுற்றித் தங்க வைத்தார்கள். ஆக என் பழத்தில் விஷம் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

அது என்ன குறை என்று சொன்னவர் நத்தம் பக்கத்துத் தோப்புக்காரப் பெரியவர் ஒருவர். ஏப்ரல் 18-ஆம் தேதி மிஞ்சியதில் நாலு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் தூரத்து உறவு ஒருவர் அவரிடம் அனுப்பி வைத்தார். பெரியவர் பழத்தை அறுக்கவில்லை. காம்படியை மூக்கருகே கொண்டுபோனார், கையில் நிறுத்துப் பார்த்தார், திரும்பவும் பையில் போட்டார். "வெம்பல் தாயி" என்றார். "பிஞ்சுல பறிச்சது. இன்னும் இருவது நாளாச்சும் மரத்துல நின்னுருக்கணும்." வெம்பல் என்ற சொல்லை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். முற்றாமல் பழுத்தது. 'பிஞ்சிலே பழுத்தது' என்று பிள்ளைகளைத் திட்டுவோமே, அந்தப் பழுப்பு. பிறகு அவர் எழுந்து போய் மரத்தடியில் கிடந்த செந்தூர மாம்பழம் ஒன்றை எடுத்து வந்தார். "அணில் கடிச்சது. அது மோந்து பாக்காம கடிக்காது" என்று சொல்லி, கடித்த இடத்தைச் சீவி எறிந்துவிட்டு மீதியைக் கீறி என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இப்பப் பாரு." நான் மோந்தேன். எதுவும் இல்லை. மறுபடியும் ஆழமாக இழுத்தேன். ஈரம் மாதிரி, குளிர்ச்சி மாதிரி ஏதோ, மணம் இல்லை. "தெரியலையேய்யா" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "இது வாசப்படி வரைக்கும் அடிக்குது தாயி. உனக்குத் தெரியலையா?" அங்கே திண்ணையில் உட்கார்ந்துதான், ஒரு வருடமாக எனக்கு மூக்கே இல்லை என்பது எனக்கு உறைத்தது. முன்பின் தெரியாத மனிதர் முன்னால் விம்மி அழுதேன். அவர் வீட்டம்மா வந்து தோளைப் பிடித்துக்கொண்டு மோர் கொடுத்தார்.

ஊர் திரும்பி, கிடைத்ததையெல்லாம் படித்தேன். நாக்குக்குத் தெரிவது ஐந்தே சுவைதான்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், கறிச்சாற்றில் தெரிகிற ருசி). 'மாம்பழ ருசி', 'பலாப்பழ ருசி' என்று நாக்கில் ஒன்று கிடையாது. நாம் மெல்லும்போது ஆவியாகிற மணப்பொருள்கள் வாயின் பின்வழியாக, தொண்டைக்கு மேலே ஏறி மூக்குக்குப் போகின்றன. அங்கே உணர்வதை நாக்கில் உணர்ந்ததாகவே மூளை நமக்குச் சொல்கிறது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மாம்பழம் தின்று பாருங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் வழவழப்பும் இருக்கும், அவ்வளவுதான். பிடியை விட்டதும் மாம்பழம் வந்து நிற்கும். நான் அந்த ஒரு வருடம் தின்றதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்ற பழம். மணத்துக்கு இனிப்பையே கூட்டிக் காட்டுகிற வேலையும் உண்டு. தக்காளியை வைத்து ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகளில், சில மணப்பொருள்கள் கூடினாலே சர்க்கரை கூடாமல் இனிப்பு கூடியதாக மக்கள் உணர்ந்தார்கள். என் பிரிக்ஸ் மீட்டருக்குத் தெரியாத கணக்கு அது.

பழத்துக்கு ஏன் மணம் என்றும் தேடினேன். மரம் விதையைத் தூர அனுப்ப வேண்டும். இரவில் வரும் வௌவாலுக்கும் மரநாய்க்கும் நிறம் காட்டிப் பயனில்லை, மணம்தான் அழைப்பு. பறவைக்குக் கண் கூர்மை. அதற்காகக் காய்க்கிற பழம் சிவந்தோ கறுத்தோ பளிச்சென்று இருந்தால் போதும். மடகாஸ்கர் காடுகளில் லெமூர் என்ற குரங்கு மாதிரி விலங்கு தின்னும் பழங்கள் பழுக்கும்போது மணத்தை நன்றாக மாற்றிக்கொள்கின்றன, பறவைகள் தின்னும் பழங்கள் அந்த அளவுக்கு மாறுவதில்லை என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பழவாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எஸ்டர் என்ற வகைப் பொருள்கள். வாழைப்பழத்தை வாழைப்பழமாக்குவது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர். அன்னாசி, பலா, ஆப்பிள் எல்லாவற்றிலும் வெவ்வேறு எஸ்டர்கள். மாம்பழம் கொஞ்சம் வேறு குடும்பம்: அதில் டெர்பீன்கள் மிகுதி, மாங்காயைப் பறிக்கும்போது பீறிடும் பாலில் அடிக்கிற அதே நெடியின் உறவுக்காரர்கள், பழுத்து வரும்போது ரகத்தைப் பொறுத்து வேறு பொருள்களும் வந்து சேர்கின்றன. வெள்ளரியும் சுரைக்காயும் செடிநூல் கணக்கில் பழம்தான். ஆனால் வெள்ளரியின் மணம் ஆல்டிஹைடு என்ற பச்சை வாசனை வகை, அறுத்த புல்லில் வருகிறதே, அந்தப் பக்கத்து வாசனை. அதனால் அதைப் பழம் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. பட்டர் ஃப்ரூட் எண்ணெயைச் சேர்த்து வைக்கிறது, சர்க்கரையையும் எஸ்டரையும் அந்த அளவுக்குச் சேர்ப்பதில்லை.

ஒரே பழத்திலும் ரகம் மாறினால் எல்லாம் மாறும். திராட்சையைப் பாருங்கள். விதையில்லாத பச்சைத் திராட்சை இனிக்கும், புளிக்கும், அதற்கு மேல் பெரிதாக மணக்காது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை வாயில் போட்டதும் ரோஜா மாதிரி ஒன்று எழும். அதில் இருக்கிற ஜெரானியால், லினலூல் என்ற மணப்பொருள்கள் ரோஜாவிலும் இருக்கின்றன. பன்னீர் என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் மூக்கு வெகு நேர்மையான மூக்கு. வாழையும் அப்படித்தான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாட்சி மலை வாழையைக் கேட்கிறார்களே தவிர, எந்த வாழையானாலும் போதும் என்பதில்லை. தூரமாக அனுப்பவும், அடிபடாமல் இருக்கவும், ஒரே அளவில் காய்க்கவும் தேர்ந்தெடுத்த ரகங்களில் மணத்தை யாரும் காசு கொடுத்துக் கேட்காததால் அது பின்னால் போய்விட்டது. இதில் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நானே மஞ்சளைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

என் பழத்தின் கதைக்கு வருகிறேன். மாங்காய் பிஞ்சு பிடித்ததிலிருந்து முற்ற, ரகத்துக்கு ஏற்ப ஏறக்குறைய 90 முதல் 120 நாள் ஆகும். அந்த நாளில் அது மாவுச்சத்தைச் சேர்க்கிறது, பின்னால் மணமாக மாறப்போகிற மூலப்பொருள்களையும் தயார் செய்கிறது. மா, பலா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும் இனம். எத்திலீன் பட்டதும் தோல் நிறம் மாறும், சதை இளகும், இருக்கிற மாவு சர்க்கரையாகும். இந்த வேலைகள் அரைகுறைக் காயிலும் ஓரளவு நடந்துவிடும். மணம் மட்டும், சேர்த்து வைத்தது இருந்தால்தான் வெளியே வரும். வெம்பலில் சேர்த்து வைத்தது இல்லை. எத்திலீன் கதவைத் திறந்துவிட்டது, உள்ளே ஆள் இல்லை. திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை இனம் இன்னும் கறார்: பறித்த பிறகு பழுக்கவே பழுக்காது. 'வீட்டில் வைத்தால் இனிக்கும்' என்று சொல்லிப் புளித்த திராட்சையைத் தள்ளிவிடுகிறவரிடம் வாங்காதீர்கள்.

குளிரும் மணத்தைக் கொல்லும். மாவும் வாழையும் வெப்ப நாட்டுப் பிள்ளைகள். பழுக்காத மாங்காயைச் சுமார் 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, தோலும் கறுத்துக் குழியும். தக்காளியைக் குளிரில் வைத்தால் மணத்தை உண்டாக்கும் மரபணுக்களே அடங்கிப் போவதை 2016-இல் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியே எடுத்து வைத்தும் முழுசாகத் திரும்பவில்லை. வீட்டில் மாங்காயோ தக்காளியோ பழுக்கும் வரை ஃபிரிட்ஜ் பக்கமே போக வேண்டாம். பழுத்த பிறகு கெடாமல் இருக்க உள்ளே வைத்தால், தின்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்ற பழத்திலிருந்து மணம் ஆவியாகி எழும்பாது.

மூக்குக்கு வைத்தியம் 2022 மே மாதம் தொடங்கினேன். காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே கருவி விட்டுப் பார்த்து, அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகு, மோப்பப் பயிற்சி செய்யச் சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்பவர் குழு 2009-இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், இந்த நாலையும் காலையும் இரவும் ஒவ்வொன்றாகப் பத்து இருபது வினாடி, அந்த மணத்தை நினைவுபடுத்திக்கொண்டே மோக்க வேண்டும். குறைந்தது 12 வாரம். காசு அதிகம் ஆகாது. நாட்டு ரோஜா, எலுமிச்சைத் தோல், கிராம்பு, நீலகிரித் தைலம், நாலு மூடி போட்ட சின்ன பாட்டில். ஆனால் ஒன்றுமே தெரியாத ரோஜாவை மாதக்கணக்கில் மோந்துகொண்டு உட்கார்வது மனசை அரித்துவிடும். நான் இரண்டு முறை விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்ததுதான் காப்பாற்றியது; 'இன்று இல்லை' என்று 70 நாளுக்கு மேல் எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் ஒரு நாள் கிராம்பு மட்டும் நூல் மாதிரி வந்தது. அதற்குப் பிறகு இன்னொரு கொடுமை: காப்பியும் வதக்கிய வெங்காயமும் ஏதோ ரப்பர் எரிகிற நாற்றம் அடித்தன. மோப்பம் திரும்புகிற வழியில் இப்படித் திரிந்து வருவது பலருக்கு உண்டு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பயம் தெளிந்தது. அந்தச் சமயம் வதக்கல், பொரியலை விட்டுவிட்டு ஆறின சாப்பாடு, தயிர்சாதம் என்று சாப்பிட்டால் கொஞ்சம் தாங்கலாம். எடை குறைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு நாலு கிலோ போயிற்று. முதலில் திரும்பிய பழம் பன்னீர் திராட்சை. டிசம்பரில் ஒரு தள்ளுவண்டியில் வாங்கி, தெருவிலேயே நின்று ஒன்றை வாயில் போட்டேன், ரோஜா வந்தது. கால் கிலோவையும் நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தேன்.

2023-இல் மறுபடி விற்றேன். பழைய வாடிக்கையாளர்களிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன், மூக்கு போன கதை உட்பட. இந்த முறை 160 கிலோ மட்டும், இமாம்பசந்த் மாம்பழம், மே கடைசியில், அதே பெரியவர் தோப்பில். பறிக்கிற அன்று நானே போய் நின்றேன். காய் முற்றியதா என்று பார்க்க அவர் காட்டிய அடையாளங்கள் இவை: காம்பைச் சுற்றித் தோள்பட்டை எழும்பி, காம்பு குழிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். தோள் சரிந்து இறங்கினால் பிஞ்சு. வாளித் தண்ணீரில் போட்டால் முற்றியது மூழ்கும், இளசு மிதக்கும். இது வெறும் நாட்டு வழக்கமில்லை. முற்ற முற்றக் காயின் அடர்த்தி கூடுவதால் அப்படி. மரத்தில் தானாக ஒன்றிரண்டு பழுத்து விழத் தொடங்கியிருக்க வேண்டும். இமாம்பசந்த் நன்றாகப் பழுத்த பிறகும் தோலில் பச்சை நிற்கும், ஆகவே நிறத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஒரு விரல் காம்பு விட்டுப் பறித்து, பால் வடிய விட்டு, வைக்கோலில் பரப்பினோம். நான் கூடுதலாகச் செய்தது ஒன்று: பறிப்புக்கு ஒரு வாரம் முன்பே பத்துக் காயை வாங்கி வந்து வீட்டில் பழுக்க வைத்து, எதிர் அடுக்ககத்து அம்மாவிடமும் அவர் பேரப்பிள்ளைகள் இருவரிடமும் கொடுத்தேன். என் மூக்கு பாதிதான் திரும்பியிருந்தது, அதை நம்பி இன்னொருவர் பணத்தை வாங்க எனக்குத் துணிவில்லை. பேத்தி அறைக்குள் நுழையும்போதே "மாம்பழமா?" என்று கேட்டாள். அதைக் கேட்டுத்தான் மீதிக்குப் பணம் கட்டினேன். யார் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள்: முழு ஆர்டருக்கு முன்னால் மாதிரி, மாதிரிக்கு இரண்டு நல்ல மூக்கு. பழக்கடையிலும் நிறத்தைப் பார்க்காமல் காம்படியை மோந்து பாருங்கள், அங்கே மணக்காத பழம் பெரும்பாலும் வாயிலும் மணக்காது. செலவு 25,500, ஐம்பது பெட்டி 660 ரூபாய் வீதம் விற்று வந்தது 33,000. மிச்சம் 7,500 ரூபாய்.

எனக்கு இன்றுவரை பலாச்சுளை சரியாகத் திரும்பவில்லை. கெட்ட வெங்காயம் மாதிரி ஒரு வாடை குறுக்கே வருகிறது. ரோஜாவும் கிராம்பும் எலுமிச்சையும் தைலமும் இப்போதும் படுக்கை பக்கத்தில்தான் இருக்கின்றன, ஐந்தாவதாக ஒரு பலாச்சுளையும் சேர்த்துக்கொண்டேன். போன ஞாயிறு பெரியவர் போன் செய்தார். "தாயி, மழை பேஞ்சு இந்த வருசம் பூ பிந்திருச்சு. இமாம்பசந்துக்கு இன்னும் பத்து நாள் ஆகும். உன் ஆளுங்ககிட்டச் சொல்லிரு." குழுவில் சொன்னேன். ஐம்பது பேரில் பதினாலு பேர் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் முன்பணத்தை அன்றே திருப்பிவிட்டேன். முப்பத்தாறு பேர் காத்திருக்கிறார்கள்.